பாடியக் குரல்

ஜூலை 14, வெள்ளி

மதிய இடைவேளையில் பெனாசிர் ஒரு கதையை அனுப்பினாள். "சாப்பிட்டு முடிச்சுட்டுப் படிங்க டீச்சர், நடுவுல வைக்க முடியாது" என்று மேலே ஒரு குறிப்பு. சாப்பிட்டுக்கொண்டே படித்தேன். நடுவில் வைக்க முடிந்தது. ரசம் ஊற்றிக்கொள்ளும்போது வைத்தேன். அப்புறம் எடுத்துக்கொண்டேன்.

எழுதியவரின் புனைபெயர் குறுந்தூறல். எங்கள் குழுவுக்குப் புதிது.

இந்த டைரியை வேறு யாராவது எடுத்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. அதனால் எழுதி வைக்கிறேன். 'நாரே' என்பது ஐந்து பையன்கள் சேர்ந்த கொரிய பாப் இசைக்குழு. அவர்கள் மொழியில் நாரே என்றால் சிறகு. ஆகவே ரசிகர்களுக்கு 'இறகுகள்' என்று பெயர். திண்டுக்கல், மதுரை வட்டாரத்து இறகுகள் எல்லாம் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். கல்லூரிப் பெண்கள்தான் அதிகம். ஒரு பல் டாக்டர், ஐ.டி. கம்பெனிப் பையன்கள் சிலர், பஸ் ஸ்டாண்டு பக்கத்து மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெனாசிர், அப்புறம் நான். என் கணவர் எங்களை 'நாரைக் கூட்டம்' என்பார். இந்தப் பாட்டையெல்லாம் எனக்குக் காட்டியது என் மகள் நித்திலா, அவள் பத்தாம் வகுப்பு படித்தபோது. இப்போது கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். புதுப்பாட்டு கேட்டாயா என்றால், "இன்னும் அதையா கேக்கறே?" என்கிறாள்.

குழுவில் என் பெயர் வெண்சிறகு. பள்ளிக்கூடத்தில் ஒன்பதுக்கும் பத்துக்கும் தமிழ் எடுக்கும் பூங்கோதை என்பது பெனாசிருக்கு மட்டும் தெரியும். அந்த ஐந்து பேரையும் பாத்திரங்களாக வைத்து நாங்கள் கதை எழுதுவோம். என் கதை 'பனிக்கால விடுதி'. முன்னணிப் பாடகன் ஜுன்ஹா புகழே வேண்டாமென்று ஓடிவந்து கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் ரூம் பாயாக இருக்கிறான். மூன்று வருடமாக எழுதுகிறேன். ஒவ்வோர் அத்தியாயமும் முதலில் பெனாசிருக்குத்தான் போகும். அவள் ஒரு வார்த்தை சொன்ன பிறகுதான் குழுவில் போடுவேன். ஏப்ரலுக்குப் பிறகு எழுதவில்லை. விடைத்தாள், அட்மிஷன் என்று வேலை.

குறுந்தூறலின் கதை தேசூவைப் பற்றியது. டிரம்ஸ் வாசிக்கிறவன். எப்போதும் பின்னால் உட்கார்ந்திருப்பான், முடி முகத்தை மறைக்கும். அவனை வைத்து இதுவரை யாரும் எழுதியதில்லை. இந்தக் கதையில் அவனுக்கு ஒரு காது கேட்காமல் போகிறது. குழுவை விட்டு விலகி, ஒரு கடலோர ஊரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறான். கதையின் பெயர் 'பின்வரிசை'.

சுமார்தான். 'அவனை பார்த்தாள்', 'கடலுக்கு போனான்' என்று எழுதுகிறவரை என்ன சொல்ல? ஒற்று என்று ஒன்று இருப்பதே தெரியாது போல. பெனாசிருக்கு "நல்ல முயற்சி" என்று பதில் போட்டேன்.

ஜூலை 16, ஞாயிறு

'பின்வரிசை'யை மறுபடி படித்தேன். பிழைகளைக் கவனிப்பதற்காக.

ஜூலை 22, சனி

நாரேயின் இசை நிகழ்ச்சி படமாக வருகிறதாம். அக்டோபர் முதல் தேதி மதுரையில் ஒரு தியேட்டரில் ஒரே ஒரு காட்சி. காலையிலிருந்து குழுவில் இதே பேச்சு. எந்தப் பாட்டு முதலில் வரும், ஜுன்ஹாவின் தொண்டை சரியாகிவிட்டதா, போன தடவை ரசிகர்கள் கத்திய கத்தலில் பாட்டே கேட்கவில்லை என்று பல் டாக்டர் ஒரு பக்கம், கத்தாமல் பார்ப்பதற்கு வீட்டில் போனிலேயே பார்க்கலாமே என்று கல்லூரிப் பெண்கள் ஒரு பக்கம்.

நான் ஆசிரியை என்பதால் ஒழுங்குபடுத்தும் பழக்கம் போகாது. தியேட்டரில் எப்படி நடந்துகொள்வது என்று நிதானமாக ஒரு குறிப்பு எழுதிப் போட்டேன். எழுந்து நிற்கக் கூடாது. கூடவே பாடக் கூடாது. போனில் படம் பிடிக்கக் கூடாது. பின்னால் இருப்பவரும் காசு கொடுத்துத்தான் வந்திருக்கிறார்.

நான்கைந்து பேர் கட்டைவிரல் போட்டார்கள். அதற்குள் குறுந்தூறல் வந்தார். "வெண்சிறகு சொல்றது சரி. ஆனா பாட்டு வந்தா சில பேருக்கு உக்கார முடியாது. நிக்கறவங்க எல்லாரும் கடைசி வரிசைகள்ல டிக்கெட் எடுப்போம். உக்காந்து பாக்கறவங்க முன்னாடி. யாரும் யாரையும் மறைக்க வேண்டாம். படம் பிடிக்கறது மட்டும் யாருக்குமே வேண்டாம்."

அவ்வளவுதான். இதயம் இதயமாகப் போட்டுத் தள்ளினார்கள். படம் பிடிக்கக் கூடாது என்று முதலில் சொன்னது நான். அது யாருக்கும் நினைவில்லை. பெனாசிர் எனக்குத் தனியாக எழுதினாள்: "என்ன அழகா தீர்த்து வச்சாங்க பாத்தீங்களா?"

பார்த்தேன் என்று பதில் போட்டேன்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

பத்து 'ஏ'வில் செய்யுள் நடத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து வகுப்பு ஒன்பது 'பி'. சுவர் அதிர்கிற மாதிரி பாட்டு. அதுவும் நாரே பாட்டு. என் வகுப்புப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறார்கள். சொல்லிவிட்டு வரலாம் என்று போனேன்.

உள்ளே சங்கமித்ரா. ஜூனில் சேர்ந்த அறிவியல் ஆசிரியை. இருபத்தேழு வயது இருக்கும். இன்னும் பணி நிரந்தரம் ஆகவில்லை. மேசையில் ஒரு ஸ்பீக்கர், அதன் மேல் எவர்சில்வர் தட்டு, தட்டில் ரவை. பாட்டில் டிரம்ஸ் விழும்போதெல்லாம் ரவை துள்ளித் துள்ளிக் கோலம் மாதிரி ஒதுங்குகிறது. பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறி நிற்கிறார்கள். "இப்ப நீங்க சத்தத்தைக் கண்ணால பாக்கறீங்க" என்றாள்.

என்னைப் பார்த்ததும் பாட்டை நிறுத்திவிட்டு, "சாரி மிஸ், உங்க வகுப்புக்குத் தொந்தரவா?" என்றாள். நான் ஆமாம் என்று சொல்வதற்குள் ஒரு பெண், "மிஸ், நீங்களும் வந்து பாருங்க" என்று இடம் விட்டாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

ரவை எல்லாம் தரையில் கிடந்தது. ஆயாம்மாதான் கூட்ட வேண்டும்.

ஆகஸ்ட் 5, சனி

'பின்வரிசை' மூன்றாம் அத்தியாயம். தேசூ தன் பழைய டிரம்மின் மேல் ஒரு தட்டை வைத்து, ரவையைத் தூவி, பிள்ளைகளுக்கு ஒலியைக் காட்டுகிறான். ஒரு சிறுமி கேட்கிறாள்: "உங்களுக்குக் கேக்காததும் இதுல தெரியுமா சார்?"

போனைக் கீழே வைத்துவிட்டு, அடுப்பில் இருந்த பாலை இறக்கினேன். மறுபடி எடுத்துப் பார்த்தேன். தட்டு, ரவை, பெஞ்சு மேல் ஏறி நிற்கும் பிள்ளைகள். சந்தேகமே இல்லை. தினமும் ஸ்டாஃப் ரூமில் எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுகிறவள்தான் குறுந்தூறல்.

பெனாசிர் போன் செய்தாள். கடையில் ஆள் இருக்கும்போதே படித்து அழுதுவிட்டாளாம். மாத்திரை வாங்க வந்தவர் பயந்துபோனாராம். மூன்று வருடத்தில் 'பனிக்கால விடுதி'யைப் படித்து அவள் அழுததாகச் சொன்னதில்லை. ஒரே ஒரு முறை தொண்டையை அடைத்தது என்றாள். அன்றைக்கு அவளுக்குச் சளி.

குறுந்தூறல் யாரென்று எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் நேராகப் போய்ப் பேசிவிடுவாள். இப்போதைக்கு வேண்டாம்.

ஆகஸ்ட் 10, வியாழன்

சங்கமித்ராவைக் கவனிக்கிறேன். சாப்பிட்ட கையோடு போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய்விடுகிறாள். கட்டைவிரல் நிற்பதே இல்லை. நடுவில் தானாகச் சிரித்துக்கொள்கிறாள். எழுதும்போது எனக்கு ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்லை.

ஒன்பது 'பி' பிள்ளைகள் அவளைச் சுற்றியே திரிகிறார்கள். அந்த வகுப்புக்குச் சுவர் இதழ் ஒன்று ஆரம்பித்திருக்கிறாள். பெயர் 'ஒலி'. தலைமையாசிரியை சிஸ்டர் லியோனி காலைக் கூட்டத்திலேயே பாராட்டினார். சுவர் இதழ் என்றால் அது தமிழ்த் துறையின் வேலை. பதினாறு வருடமாக நான் நடத்தாத சுவர் இதழா?

நித்திலாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 18, வெள்ளி

கடைசிப் பீரியட் எனக்கும் சங்கமித்ராவுக்கும் ஓய்வு. ஸ்டாஃப் ரூமில் வேறு யாரும் இல்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மிஸ், ஒண்ணு கேக்கலாமா? நான் இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல எழுதினா ஒற்று எங்க போடணும்னே தெரியறதில்ல."

எதற்கு என்று கேட்டேன். சுவர் இதழுக்கு, பிள்ளைகள் எழுதுவதைத் திருத்த வேண்டும் என்றாள். கதையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

'அவனைப் பார்த்தான்', 'ஊருக்குப் போனான்' இரண்டையும் எழுதிக் காட்டினேன். ஐ, கு உருபுகளுக்குப் பிறகு வல்லினம் மிகும் என்றேன். சட்டென்று பிடித்துக்கொண்டாள். கெட்டிக்காரிதான். இத்தனை நாள் யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். இரண்டு வாரம் இப்படிக் கேட்டால் போதும். அப்புறம் அவள் எழுத்தில் குறை என்று சொல்ல ஒன்றும் இருக்காது.

அப்போது கேட்டாள். "அந்தப் பையன், இந்தப் பையன்னு 'ப்' போடறோம். அப்ப 'வந்த பையன்'லயும் 'ப்' வருமா மிஸ்? 'பாடிய குரல்'ல 'க்' வருமா?"

வராது. வந்த, பாடிய இரண்டும் பெயரெச்சம். பெயரெச்சத்துக்குப் பின் ஒற்று மிகாது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும்.

"வரும்" என்றேன்.

"வந்தப் பையன். பாடியக் குரல்." வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். "கேக்கவே நல்லா அழுத்தமா இருக்கு மிஸ்" என்று சந்தோஷமாக எழுதிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 19, சனி

நேற்று அவசரத்தில் சொல்லிவிட்டேன். மணி அடிக்கிற நேரம். திங்கட்கிழமை முதல் வேலையாக, தவறாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லிவிட வேண்டும். வீட்டில் ஒட்டடை அடித்தேன்.

ஆகஸ்ட் 21, திங்கள்

சங்கமித்ரா விடுப்பு.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

வந்திருந்தாள். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் இருந்தார்கள்.

ஆகஸ்ட் 30, புதன்

'பனிக்கால விடுதி'க்கு உட்கார்ந்தேன். ஜுன்ஹா மூன்றாம் மாடி ஜன்னலைத் திறக்கிறான். அதற்கு மேல் அவன் ஒன்றும் செய்யவில்லை. ஜன்னலை மூடினேன்.

செப்டம்பர் 9, சனி

நேற்று இடைப்பருவத் தேர்வில் தமிழ்த் தாள் முடிந்தது. கட்டுகள் வீட்டுக்கு வந்துவிட்டன. இன்னும் பிரிக்கவில்லை.

'பின்வரிசை' நான்காம் அத்தியாயம் வந்தது. இதுவரை வந்ததில் இதுதான் சிறந்தது. எழுதக் கை வரவில்லை, ஆனால் உண்மை. தேசூவைத் தேடிக்கொண்டு ஜுன்ஹா அந்தக் கடலோர ஊருக்கு வருகிறான். என் ஜுன்ஹா ரூம் பாயாக மூன்று வருடம் பேசாத பேச்சை அவள் ஜுன்ஹா ஒரே பக்கத்தில் பேசிவிட்டான்.

ஆனால் பத்தி தவறாமல் 'பாடியக் குரல்', 'உடைந்தக் கதவு', 'மறந்தப் பாட்டு'. பல் டாக்டர், "கண்ணில் கல் குத்துகிற மாதிரி இருக்கிறது" என்று எழுதினார். கல்லூரிப் பெண்களில் ஒருத்தி 'சிரித்தக் குழு' என்று எழுதிச் சிரிப்புப் படம் போட்டாள். அதைப் பிடித்துக்கொண்டு ஆளாளுக்கு 'ஆடியக் கால்', 'தூங்கியப் பூனை' என்று ஆரம்பித்துவிட்டார்கள். கதையைப் பற்றி யாரும் பேசவில்லை.

நான் ஒன்றும் எழுதவில்லை. எல்லாவற்றையும் படித்தேன்.

பெனாசிர் தனியாகக் கேட்டாள்: "டீச்சர், நீங்க சொல்லுங்க. இது பிழையா இல்லையா?" பிழைதான் என்று உடனே பதில் போட்டேன். பெயரெச்ச விதியையும் விளக்கினேன். பெனாசிர் அதைக் குறுந்தூறலுக்கு அனுப்பி வைத்திருக்கிறாள், வெண்சிறகு சொன்னதாக. சாயங்காலம் குறுந்தூறல் குழுவில் எழுதினார்: "வெண்சிறகுக்கு நன்றி. எனக்குத் தெரிந்த தமிழ் டீச்சரிடம் கேட்டுத்தான் எழுதினேன். நான்தான் ஏதோ தப்பாக வாங்கிக்கொண்டிருக்கிறேன்."

அத்தியாயத்தை எடுத்துவிட்டார். திருத்திப் போடுவதாகச் சொன்னார்.

கணவர் என்ன முகம் ஒரு மாதிரி இருக்கிறது என்றார். தலைவலி என்றேன்.

செப்டம்பர் 12, செவ்வாய்

ஒன்பது 'பி' கட்டைப் பிரித்தேன்.

கட்டுரையில் 'விழுந்தக் குழந்தை', 'ஓடியச் சிறுவன்'. முதல் தாளில் பார்த்ததும் யாரோ ஒரு பெண் என்று நினைத்தேன். அடுத்ததிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான் அதிகம் செய்திருக்கிறார்கள். சுவர் இதழில் எழுதுகிறவர்கள் அவர்கள்தானே. பிழை நீக்கி எழுதும் பகுதியில், சரியாக இருந்த சொற்களில்கூட ஒற்றைச் செருகி வைத்திருக்கிறார்கள்.

சிவப்பு மையால் சுழித்துக்கொண்டே போனேன். வேறென்ன செய்ய முடியும்? பிழை பிழைதான்.

செப்டம்பர் 13, புதன்

தாள்களைக் கொடுத்தேன். வகுப்பில் எப்போதும் முதலில் வரும் செல்வரதி தாளைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். "மிஸ், இது சரின்னு சங்கமித்ரா மிஸ் சொன்னாங்க. நீங்க சொன்னதா சொன்னாங்க" என்றாள்.

வகுப்பு முழுக்க என்னைப் பார்த்தது.

"நான் அப்படிச் சொல்லுவேனா?" என்றேன்.

செல்வரதி உட்கார்ந்தாள். நான் அடுத்த பாடத்தை எடுத்தேன்.

செப்டம்பர் 15, வெள்ளி

செல்வரதியின் அம்மா நேற்றே வந்து புகார் சொல்லியிருக்கிறார். இன்று சிஸ்டர் லியோனி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேசை மேல் விடைத்தாளும், சுவரிலிருந்து எடுத்துவந்த 'ஒலி' இதழும். இதழில் பிள்ளைகள் எழுதிய வரிகளுக்கு மேல் பச்சை மையில் சங்கமித்ராவின் கையெழுத்து. 'க்', 'ப்', 'த்' என்று ஒவ்வோர் இடத்திலும் சிரத்தையாகச் செருகியிருந்தாள்.

பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது யார் என்று சிஸ்டர் கேட்டார்.

சங்கமித்ரா என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. நான் பேசுவேன் என்று காத்திருக்கிற மாதிரி. மின்விசிறிக்கு அந்தத் தாள் படபடத்துக்கொண்டே இருந்தது. நான் அதை நகராமல் கையால் அழுத்திக்கொண்டேன்.

"நான்தான் சிஸ்டர்" என்றாள் கடைசியில். "பூங்கோதை மிஸ்கிட்ட கேட்டேன். நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்."

அறிவியல் டீச்சருக்கு எதற்கு இந்த வேலை என்றார் சிஸ்டர். சுவர் இதழை இனிமேல் நான் பார்த்துக்கொள்ள வேண்டும். சங்கமித்ராவின் பணி நிரந்தரத்துக்கான கோப்பில் இதைக் குறிப்பிடப்போவதாகவும் சொன்னார். அவள் சரி சிஸ்டர் என்றாள்.

வெளியே வந்ததும் வராந்தாவில் அவள் முன்னால் நடந்தாள். கூப்பிட நினைத்தேன். மணி அடித்துவிட்டது.

சுவர் இதழ் எனக்கு வந்துவிட்டது.

செப்டம்பர் 24, ஞாயிறு

இரண்டு வாரமாக 'பின்வரிசை' இல்லை. திருத்திய அத்தியாயமும் வரவில்லை. குழுவில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். குறுந்தூறல் பதில் சொல்வதில்லை. இனி எழுதப்போவதில்லையோ என்று பெனாசிர் கவலைப்படுகிறாள். "நம்ம ஆளுங்க ரொம்பக் கேலி பண்ணிட்டாங்க டீச்சர். எத்தனையோ தடவை நானே கூப்பிட்டுப் பேசிட்டேன். படத்துக்காவது வாங்கன்னு சொல்லியிருக்கேன்."

ஆக, அவர்கள் போனில் பேசிக்கொள்கிறார்கள்.

நான் படத்துக்கு வரவில்லை என்றேன். பெனாசிர் விடவில்லை. என் டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்துவிட்டாளாம். உட்கார்ந்து பார்க்கிறவர்கள் வரிசையில்.

அக்டோபர் 1, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

காலைக் காட்சி. பெனாசிரும் நானும் பஸ்ஸில் போனோம். தியேட்டர் வாசலில் இறகுகள் கூட்டம். நீலத் துப்பட்டா, நீலச் சட்டை, முடியில் நிஜ இறகு. வேறு படத்துக்கு வந்த ஒரு குடும்பம் என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டுப் போனது. சங்கமித்ரா ஒரு தூணோரம் தனியாக நின்றாள். எனக்கு முன்னாலேயே பெனாசிர் அவளைக் கண்டுபிடித்துக் கட்டிக்கொண்டாள். போனில் அவள் போட்டோவைப் பார்த்திருக்கிறாள் போல.

"தூறல், இவங்கதான் நம்ம வெண்சிறகு" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

சங்கமித்ரா சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள். "பூங்கோதை மிஸ்?" என்றாள். பெனாசிர், "ஐயோ, உங்களுக்குள்ள தெரியுமா?" என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரே பள்ளிக்கூடம் என்றேன். உள்ளே விட ஆரம்பித்தார்கள்.

நான் முன்வரிசைப் பக்கம் உட்கார்ந்தேன். பெனாசிர் நிற்கிறவர்களோடு பின்னால் போய்விட்டாள். எல்லோரும் சொன்னபடியே நடந்துகொண்டார்கள். ஒருவரும் போனை உயர்த்தவில்லை. முன்னால் இருந்தவர்கள் அசையாமல் பார்த்தார்கள், பின்னால் இருந்தவர்கள் கூடவே பாடினார்கள், ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லை. டார்ச்சோடு சுற்றிவந்த தியேட்டர் ஊழியர்கூடக் கொஞ்ச நேரத்தில் ஓரமாக நின்று பார்க்க ஆரம்பித்துவிட்டார். திரையில் ஜுன்ஹா பாடினான். என் கவனம் எல்லாம் பின்னால் இருந்தது. பாடுகிறவர்களின் குரலில் பெனாசிரின் குரலைத் தேடினேன். இன்னொரு குரலோடு சேர்ந்துதான் வந்தது.

இடைவேளையில் எழுந்து வெளியே போனேன். சங்கமித்ரா வந்தாள். பின்னாலேயே பாப்கார்னோடு பெனாசிர்.

"மிஸ், பெனாசிர் கேட்ட உடனே பிழைன்னு சொல்லியிருக்கீங்க. விதியோட சொல்லியிருக்கீங்க" என்றாள் சங்கமித்ரா. குரலை உயர்த்தவே இல்லை. "அப்ப என்கிட்ட தெரியாமச் சொல்லல."

கையிலிருந்த டிக்கெட்டை மடித்தேன்.

"குறுந்தூறல் நான்தான்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

தலையாட்டினேன்.

"சிஸ்டர் ரூம்ல நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னுதான் நிஜமாவே நினைச்சேன் மிஸ். உங்களைக் காப்பாத்தறதுக்காகச் சொல்லல." அதைச் சொல்லும்போதுதான் அவள் கண் கலங்கியது. உள்ளே போய்விட்டாள்.

பெனாசிர் அங்கேயே நின்றாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மறுபாதிப் படம் நான் பார்க்கவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவைத் தாண்டி டிரம்ஸ் மட்டும் கேட்டது.

திரும்பும்போது பெனாசிர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். வாடிப்பட்டி தாண்டியது. பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கதையில பொய் எழுதலாம் டீச்சர். பாடத்துல சொல்லலாமா?"

அக்டோபர் 2, திங்கள்

காந்தி ஜெயந்தி. விடுமுறை. இன்றைக்குப் பள்ளிக்கூடம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். "அந்தப் பொண்ணு வேலை போயிருமா?" என்றார். போகலாம் என்றேன். "அப்ப நாளைக்குப் போய்ச் சொல்லிடு" என்றார். பிறகு, சாப்பிடலாமா என்றார்.

அக்டோபர் 3, செவ்வாய்

காலையில் சிஸ்டர் அறைக்குப் போனேன். ஏதோ கூட்டம், பதினொரு மணிக்கு வாருங்கள் என்றார்கள். அதற்குள் எனக்கு ஒன்பது 'பி' வகுப்பு. போனால் இன்றைக்கும் பாடம் நடத்திவிட்டு வந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. உள்ளே நுழைந்ததும் நாற்காலியில் உட்காராமல் கரும்பலகையில் 'பாடிய குரல்' என்று எழுதினேன். இதுதான் சரி, பெயரெச்சத்துக்குப் பின் ஒற்று வராது என்றேன். சங்கமித்ரா மிஸ்ஸுக்குத் தவறாகச் சொல்லிக் கொடுத்தது நான் என்றேன். அன்றைக்கு நான் சொல்லவில்லை என்றது பொய், தெரிந்தேதான் தவறாகச் சொன்னேன் என்றேன்.

செல்வரதி எழுந்தாள்.

"ஏன் மிஸ்?"

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. பாடத்தில் புரியாத இடத்தைக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"அவங்க என்னைவிட நல்லா எழுதறாங்க" என்றேன். "எனக்குப் பொறாமை."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செல்வரதி உட்காரவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "அப்ப எங்களுக்கு மார்க் திரும்ப வருமா மிஸ்?" என்றாள். தருகிறேன் என்றேன். தாள்களை வாங்கிக்கொண்டேன்.

பதினொரு மணிக்குச் சிஸ்டரிடம் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். "ஆண்டவர் மன்னிச்சிருவாரு பூங்கோதை மிஸ். நான் கொஞ்சம் யோசிக்கணும்" என்றார்.

யோசிக்க மாலைவரை ஆகவில்லை. எழுத்துமூலமாக எனக்கு எச்சரிக்கை. என்னிடம் இருந்த தமிழ்த் துறைப் பொறுப்பு இனி இன்னொரு தமிழ் ஆசிரியை ஞானப்பூ மிஸ்ஸுக்கு. சங்கமித்ராவின் கோப்பில் எழுதியதை அடித்துவிட்டார். சுவர் இதழும் அவளுக்கே.

பெனாசிருக்குச் செய்தி அனுப்பினேன், சொல்லிவிட்டேன் என்று. "ம்" என்று பதில் வந்தது.

அக்டோபர் 14, சனி

'பின்வரிசை' நான்காம் அத்தியாயம் திருத்தி வந்திருக்கிறது. குழுவில் கொண்டாட்டம். பெனாசிர் எனக்குத் தனியாக அனுப்பவில்லை. எல்லோரோடும் சேர்ந்து குழுவில்தான் பார்த்தேன். படித்தேன். பொறாமை போகவில்லை. ஒன்றும் மாறிவிடவில்லை. நன்றாக இருக்கிறது என்று குழுவில் எழுதினேன். என் சொந்தப் பெயரில்.

அக்டோபர் 19, வியாழன்

கடைசிப் பீரியட். ஸ்டாஃப் ரூமில் ஞானப்பூ மிஸ், சங்கமித்ரா, நான். அன்றைக்குப் பிறகு சங்கமித்ரா என்னிடம் வணக்கம் மட்டும்தான் சொல்கிறாள். நாற்காலியை ஜன்னல் பக்கம் மாற்றிக்கொண்டுவிட்டாள்.

இன்று ஞானப்பூ மிஸ்ஸிடம், "'பாடச் சொன்னாள்'னு எழுதினா 'ச்' வருமா மிஸ்?" என்று கேட்டாள். ஞானப்பூ மிஸ் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். நிமிராமலே, "பூங்கோதை மிஸ்ஸைக் கேளும்மா, அவங்களுக்குத்தான் இதெல்லாம் விரல்நுனியில" என்றார். அவர் எதையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. பழக்கம்.

சங்கமித்ரா என் பக்கம் திரும்பினாள். கேள்வியை மறுபடி கேட்கவில்லை.

"வரும்" என்றேன். "'பாட' வினையெச்சம். 'அ'வில் முடியிற இந்த மாதிரி வினையெச்சத்துக்குப் பின்னாடி வல்லினம் மிகும். 'வரச் சொன்னான்', 'தூங்கப் போனான்'."

"தேங்க்ஸ் மிஸ்" என்றாள்.

பிறகு எழுந்து அலமாரிக்குப் போனாள். இலக்கணப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்து, பொருளடக்கத்தில் விரலை ஓட்டினாள். பக்கத்தைப் புரட்டினாள். அது இல்லை. இன்னும் இரண்டு பக்கம் தள்ளிப் புரட்டினாள்.

நூற்று முப்பதாவது பக்கத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அவள் தானாகவே கண்டுபிடித்துப் படித்து முடிக்கும்வரை, பேனாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.